லுத்தரன் மரபில் இல்ல வழிபாடு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நம் சபைகளில் குடும்ப ஜெபம் குன்றிவருகிறது என்னும் முறையீடு ஆயர் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. பிரசங்க பீடத்திலிருந்தும் இதனைக் கண்டித்துப் பேசுகிறோம். வேலை நேரம், பிள்ளைகளின் பாடச் சுமை, தொலைக்காட்சி, கைபேசி எனக் காரணங்களை அடுக்குகிறோம். இவை பொய்க் காரணங்கள் அல்ல. ஆயினும் நம் கண்டனம் முழுவதும் வீட்டாரை நோக்கியே செல்கிறது. இல்ல வழிபாட்டின் வளர்ச்சிக்கும் தளர்ச்சிக்கும் சபையும் அதன் குருமாரும் எவ்வளவு பொறுப்புடையவர்கள் என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. அவ்வினாவை வரலாற்றின் ஒளியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லுத்தரன் திருச்சபையின் வரலாற்றில் வியப்புக்குரிய ஒரு முரண்பாடு காணப்படுகிறது. சீர்திருத்தத்தின் தொடக்கத்திலேயே இத்திருச்சபை ஒவ்வொரு குடும்பத் தலைவரையும் தம் வீட்டாருக்குப் போதகராக ஏற்படுத்தியது. அவர் கையில் நூலைக் கொடுத்தது. அதை வாசிக்கும் எழுத்தறிவையும் நாளடைவில் கொடுத்தது. ஆனால் அந்நூலை வாசித்தவர்கள் அண்டை வீட்டாரையும் அழைத்துக் கூடி ஜெபித்தபோது, அதே திருச்சபை அச்சமுற்று அரச சட்டத்தின் துணையை நாடியது. ஜெர்மனி, சுவீடன், நார்வே ஆகிய நாடுகளில் நிகழ்ந்த இவ்வரலாறு, தரங்கம்பாடியின் வழியாக நம்மையும் சேர்ந்ததாகும்.

1. விட்டன்பர்க்கில் தொடக்கம்

1526ஆம் ஆண்டு வெளிவந்த ஜெர்மானிய வழிபாட்டு முறைமையின் முன்னுரையில் மார்ட்டின் லுத்தர் மூவகை வழிபாடுகளைக் குறிப்பிடுகிறார். இலத்தீன் வழிபாடு ஒன்று; பொதுமக்களுக்கான ஜெர்மன் வழிபாடு மற்றொன்று. மூன்றாவது, மெய்யாகவே கிறிஸ்தவர்களாக வாழ விரும்புவோர் தங்கள் பெயர்களைப் பதிவு செய்துகொண்டு, ஏதேனும் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கவும், திருமறையை வாசிக்கவும், திருமுழுக்கும் திருவிருந்தும் பெறவும், ஏழைகளுக்கு உதவவும் ஏற்ற எளிய முறையாகும். ஆனால் இதற்கேற்ற மக்கள் இன்னும் தமக்குக் கிடைக்கவில்லை என்று கூறி, லுத்தர் இதனைத் தொடங்காமலே விட்டுவிட்டார். தொடங்கப்படாத இந்த மூன்றாம் முறை, பின்வந்த தலைமுறையினரின் சிந்தையில் மறையாது நின்றது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1528ஆம் ஆண்டின் பிற்பகுதியில், சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிடும் குழுவினருடன் லுத்தர் கிராமங்களுக்குச் சென்றார். அங்கே அவர் கண்ட நிலை அவரைத் திடுக்கிடச் செய்தது. கர்த்தருடைய ஜெபத்தையோ, விசுவாசப் பிரமாணத்தையோ, பத்துக் கற்பனைகளையோ அறியாத கிறிஸ்தவர்கள் எங்கும் இருந்தனர். கற்பிக்கத் தகுதியற்ற குருமாரும் பலர் இருந்தனர். இவ்வனுபவத்தின் பயனாகவே 1529ஆம் ஆண்டில் சிறிய ஞானோபதேசமும் பெரிய ஞானோபதேசமும் தோன்றின.

சிறிய ஞானோபதேசத்தின் பகுதிகள் முதலில் சுவரில் தொங்கவிடத்தக்க அச்சுத்தாள்களாகவே வெளிவந்தன என்பது ஈண்டு கருதத்தக்கது. நூல்வடிவம் பின்னரே வந்தது. அது முதலில் தொங்கிய இடம் பள்ளி, கோவில் ஆகியவற்றோடு வீட்டுச் சுவருமாகும். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், குடும்பத் தலைவர் இதனைத் தம் வீட்டாருக்கு எளிய முறையில் கற்பிக்கவேண்டும் என்னும் கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. காலையில் எழுந்ததும், இரவில் படுக்குமுன்னும் சொல்லவேண்டிய ஜெபங்களும், உணவுக்கு முன்னும் பின்னும் சொல்லவேண்டிய ஸ்தோத்திரங்களும் அதில் உள்ளன. சிலுவை அடையாளம் இட்டு, விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் சொல்லி, சிறு ஜெபம் ஒன்றைச் செய்து, மகிழ்ச்சியோடு வேலைக்குச் செல்லவேண்டும் என்பதே காலை ஒழுங்கு. மாலை ஒழுங்கு முடிந்ததும் கவலையின்றி உடனே உறங்கவேண்டும். மடாலயங்களில் துறவியர் ஓதிவந்த காலை மாலை வேளை ஜெபங்களின் சாரமே இவ்வாறு உழவர் வீட்டுக்கும் தச்சர் வீட்டுக்கும் சுருக்கமாக வந்து சேர்ந்தது. மடத்தின் மதிலுக்குள் இருந்த வேளை ஜெபத்தை அடுப்படிக்குக் கொண்டுவந்தது சீர்திருத்தத்தின் பெருஞ்செயல்களுள் ஒன்று எனலாம்.

நாள்தோறும் செய்யும் ஜெபத்தோடு வாரந்தோறும் செய்யவேண்டிய கடமையும் விதிக்கப்பட்டது. வீட்டுத் தலைவர் வாரத்துக்கு ஒருமுறையேனும் தம் பிள்ளைகளையும் வேலையாட்களையும் ஒருவர்பின் ஒருவராக அழைத்து, ஞானோபதேசத்தில் அவர்கள் அறிந்ததென்ன என்று கேட்டறிய வேண்டும் எனப் பெரிய ஞானோபதேசத்தின் முன்னுரை கூறுகிறது. வேதபண்டிதராகிய தாமும் ஒவ்வொரு நாளும் சிறுபிள்ளையைப்போல ஞானோபதேசத்தைச் சொல்லி வருவதாக 1530ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் லுத்தர் எழுதுகிறார். கேள்வி கேட்கும் தலைவரும் கற்பவரே என்பது அவர் கருத்து.

லுத்தர் எழுதியதைத் தம் வீட்டிலும் செய்தார். முன்பு அகஸ்தீனியத் துறவியரின் மடமாக இருந்த கட்டடமே அவரும் கத்தரீனாவும் வாழ்ந்த இல்லமாயிற்று. பிள்ளைகள், உறவினர், வேலையாட்கள், தங்கிப் படித்த மாணவர் எனப் பெருங்கூட்டம் அங்கே இருந்தது. 1532ஆம் ஆண்டுமுதல் நோயினால் கோவிலில் பிரசங்கிக்க இயலாத ஞாயிறுகளில் அவர் இந்த வீட்டாருக்கே பிரசங்கம் செய்தார். வைட் டீட்ரிக் என்னும் மாணவர் அப்பிரசங்கங்களைக் குறிப்பெடுத்து 1544ஆம் ஆண்டில் அச்சிட்டார். ‘இல்லப் பிரசங்க நூல்’ எனப்படும் அத்தொகுப்பு, குருவானவர் வர இயலாத இடங்களில் குடும்பத் தலைவர் ஞாயிறுதோறும் வாசித்துக் காட்டும் நூலாயிற்று. நோயுற்ற ஒரு போதகரின் இயலாமையிலிருந்து இம்மரபின் பெரும் பகுதி பிறந்தது என்பது நினைவுகூரத்தக்கது.

2. நூலும் அதிகாரமும்

அடுத்த நூற்றாண்டில் இல்ல வழிபாட்டுக்கான நூல்கள் பெருகின. 1567ஆம் ஆண்டில் யோகான் ஹாபர்மன் வெளியிட்ட ஜெபநூல், வாரத்தின் ஏழு நாட்களுக்கும் காலை மாலை ஜெபங்களை வகுத்துத் தந்தது. யோகான் ஆர்ண்ட்டின் ‘மெய்க் கிறிஸ்தவம்’ என்னும் நூலின் முதற்பகுதி 1605ஆம் ஆண்டிலும், ஜெபங்களின் தொகுப்பாகிய ‘பரதீசுச் சிறுதோட்டம்’ 1612ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் கோவில்கள் எரிந்து, குருமார் சிதறிப்போன நாட்களில், திருமறையும் பாட்டுப்புத்தகமும் ஜெபநூலுமே பல குடும்பங்களுக்குச் சபையாக இருந்தன.

எனினும் இவ்வொழுங்கின் குறையையும் மறைத்தலாகாது. அக்காலத்து ‘வீடு’ என்பது தாய் தந்தை பிள்ளைகள் மட்டும் அடங்கியதன்று. பண்ணையாட்கள், பணிப்பெண்கள், தொழில் பயிலும் இளைஞர் ஆகிய எல்லாரும் வீட்டுத் தலைவரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தனர். ஞானோபதேசத்தைக் கற்க மறுப்போருக்குப் பெற்றோரும் எசமானரும் உணவும் பானமும் கொடாதிருக்க வேண்டும் எனச் சிறிய ஞானோபதேசத்தின் முன்னுரையிலேயே லுத்தர் எழுதிவிட்டார். உணவை அளிப்பவரே ஜெபத்தையும் நடத்துபவர் என்னும்போது, ஜெபம் அதிகாரத்தின் கருவியாக மாறக்கூடும். பணிப்பெண்ணுக்குக் கூலி குறைத்துக் கொடுத்த எசமானர், அன்று மாலையே அவளைக் கீழ்ப்படிதலைப்பற்றிய வசனத்தைச் சொல்லவைக்க இவ்வொழுங்கில் இடமிருந்தது. நூலின் கடைப்பகுதியில் வரும் இல்லற ஒழுங்குப் பட்டியல், பணியாட்களின் கடமையோடு எசமானரின் கடமையையும், பிள்ளைகளின் கடமையோடு பெற்றோரின் கடமையையும் இணைத்தே சொல்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் வாசித்த வீடுகள் எக்காலத்திலும் உண்டு.

3. பிராங்க்பர்ட்டில் திறந்த கதவு

பிலிப்பு யாக்கோபு ஸ்பேனர் 1666ஆம் ஆண்டில் பிராங்க்பர்ட் நகரின் தலைமைக் குருவானார். 1670ஆம் ஆண்டில் தம் வீட்டிலேயே ஒரு சிறு கூட்டத்தைத் தொடங்கினார். கற்றோரும் கல்லாதோரும் அங்கே ஒன்றாக அமர்ந்தனர். முதலில் பக்திநூல்களையும், பின்னர் திருமறையையும் வாசித்துக் கலந்துரையாடினர். பெண்கள் தனியிடத்தில் அமர்ந்து கேட்டனர். அவர்கள் பேசுவதற்கு அங்கே இடமில்லை. 1675ஆம் ஆண்டில் ஸ்பேனர் வெளியிட்ட ‘பக்தி வாஞ்சைகள்’ என்னும் சிறுநூல், திருவசனம் மக்களிடையே மிகுதியாகப் பரவவேண்டும் என்பதையும், விசுவாசிகள் அனைவரின் ஆசாரியத்துவம் நடைமுறையில் விளங்கவேண்டும் என்பதையும் தன் முதன்மையான ஆலோசனைகளாக முன்வைத்தது. லுத்தர் தொடங்காமல் விட்ட மூன்றாம் முறையின் சாயல் இங்கே தெரிகிறது.

இக்கூட்டத்தின் சிறப்பு, வீட்டுக் கதவு திறந்தமையே. இதுவரை இல்ல வழிபாடு என்பது ஒரு கூரையின்கீழ் வாழ்வோருக்கு உரியதாக இருந்தது. இப்போது வெவ்வேறு கூரையின்கீழ் வாழ்வோர் ஒருவர் வீட்டில் கூடினர். வீட்டுத் தலைவரின் அதிகாரம் அங்கே செல்லாது. திருமறையைச் சுற்றியமர்ந்த சகோதரத்துவமே அக்கூட்டத்தைத் தாங்கிற்று. ஆகவே எதிர்ப்பும் எழுந்தது. எதிர்ப்பாளரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. யோகான் யாக்கோபு சூட்ஸ் என்னும் வழக்கறிஞர் உள்ளிட்ட சிலர் திருவிருந்தில் பங்குபெறுவதை நிறுத்திச் சபையை விட்டு விலகினர். ஸ்பேனர் இப்பிரிவினையை ஒப்புக்கொள்ளவில்லை, மனம் வருந்தினார். 1682ஆம் ஆண்டில் கூட்டம் வீட்டிலிருந்து கோவிலுக்கு மாற்றப்பட்டது. ஒழுங்கு காக்கப்பட்டது; ஆனால் பொதுமக்கள் மனந்திறந்து பேசுவது அங்கே குறைந்துபோயிற்று.

4. சுவீடனில் பதிவேடும் தடைச்சட்டமும்

வீட்டை நாடிச்சென்று கற்பிக்கும் பணியைச் சுவீடன் நாட்டுத் திருச்சபையைப்போல் ஒழுங்காகச் செய்த லுத்தரன் திருச்சபை வேறொன்று உண்டோ என்பது ஐயமே. 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எல்லா மக்களும் வாசிக்கக் கற்று, தேவன் தம் வசனத்தில் கட்டளையிடுவதைத் தம் கண்ணாலேயே காணவேண்டும் என விதித்தது. போதிய பள்ளிகள் இல்லாத அந்நாட்டில் இப்பொறுப்பு பெற்றோரைச் சார்ந்தது. எழுத்துக்களைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் பெரும்பாலும் தாய்மாரே. இதன் பயனாக, ஆண்களும் பெண்களுமாகப் பெரும்பான்மையோர், எழுதத் தெரியாதவர்களும்கூட, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் வாசிக்கத் தெரிந்தவர்களாயினர்.

கற்றதைச் சோதிக்கும் முறைக்கு ‘வீட்டு விசாரணை’ என்று பெயர். சபை பல பிரிவுகளாகப் பகுக்கப்பட்டது. குறித்த நாளில் அப்பிரிவிலுள்ள குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடும். குருவானவர் வந்து, பெரியோர் சிறியோர் எல்லாரையும் வாசிக்கச் சொல்வார். ஞானோபதேசத்தில் கேள்வி கேட்பார். வாசிப்பு எப்படி, மனப்பாடம் எப்படி, பொருளுணர்வு எப்படி என ஒவ்வொருவர் பெயருக்கும் நேராகப் பதிவேட்டில் குறிகள் இடப்பட்டன. விசாரணை முடிந்ததும் விருந்து நடப்பது வழக்கம். இப்பதிவேடுகள் இன்று வரலாற்றாசிரியருக்குக் கிடைத்த அருஞ்செல்வமாகும். 1895ஆம் ஆண்டில் வேறுவகைச் சபைப் பதிவேடுகள் இவற்றின் இடத்தைப் பெற்றன.

நன்மை பெரிது, அதன் நிழலும் பெரிது. ஞானோபதேசம் அறியாதவருக்குத் திருவிருந்து இல்லை; திருவிருந்து இல்லாதவருக்குத் திருமணமும் இல்லை. இதனால் குருவானவரின் வருகை அச்சத்துக்குரிய நாளாயிற்று. 1809ஆம் ஆண்டுவரை சுவீடனின் ஆட்சியில் இருந்த பின்லாந்திலும் இம்முறையே நிலவிற்று. அலெக்சிஸ் கீவி 1870ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஏழு சகோதரர்கள்’ என்னும் பின்னிய நாவலில், கோவில் எழுத்தரிடம் எழுத்துக் கற்கும் அவமானத்தைத் தாங்காத சகோதரர்கள் காட்டுக்குள் ஓடிப்போகின்றனர். பிற்காலத்தில் தாங்களாகவே மனம் ஒப்பி அதே எழுத்தைக் கற்றுக்கொள்கின்றனர். கற்பனைக் கதையாயினும் இவ்வமைப்பின் உள்நோயை இது நன்கு காட்டுகிறது.

இனி முரண்பாட்டைக் காண்போம். வாசிக்கக் கற்ற மக்கள் வாசித்தார்கள். வாசித்ததைப்பற்றி ஒருவரோடொருவர் பேசவும் விரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து பக்தியெழுச்சி சுவீடனுக்குப் பரவியது. 1726ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அரசு தடைச்சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. அச்சட்டத்தின்படி, குடும்பத் தலைவர் தம் வீட்டாரோடு ஜெபிக்கலாம், அது நற்செயலே. ஆனால் வீட்டாரல்லாதோர் வழிபாட்டுக்காக ஒரு வீட்டில் கூடுவது குற்றம். அபராதமும் சிறையும் நாடு கடத்தலும் தண்டனைகளாக விதிக்கப்பட்டன. முந்நூறு பக்க பக்திநூலைத் தன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுபவர் நல்ல கிறிஸ்தவர். கதவைத் தட்டி வந்த அண்டை வீட்டு விதவையையும் அருகில் அமர்த்தி அதே பக்கத்தை வாசித்தால் அவர் குற்றவாளி.

தடையினால் கூட்டங்கள் ஒழிந்துவிடவில்லை. சுவீடனின் வடபகுதியில் ‘வாசிப்போர்’ என அழைக்கப்பட்ட மக்கள் தோன்றினர். லுத்தரின் நூல்களையும் பிரசங்கத் தொகுப்புகளையும் வீடுகளில் வாசிப்பதே அவர்களது அடையாளம். திருச்சபை கற்பித்த செயலே அவர்களுக்கு ஏளனப் பெயராயிற்று. 1842ஆம் ஆண்டில் தோன்றிய ‘பியட்டிஸ்டன்’ என்னும் மாத இதழைக் கார்ல் ஒலோப் ரோசெனியுஸ் பல ஆண்டுகள் நடத்தினார். குருப்பட்டம் பெறாத அவருடைய எழுத்து எண்ணற்ற வீடுகளில் வாசிக்கப்பட்டது. 1858ஆம் ஆண்டில்தான் தடைச்சட்டம் நீக்கப்பட்டது. இதற்கிடையே பிரிந்து சென்றவர்களும், கடல்கடந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களும் உண்டு. எரிக் யான்சன் என்பவரைப் பின்பற்றியோர் 1846ஆம் ஆண்டில் லுத்தரின் நூல்களையே தீயிட்டபின் நாட்டை விட்டு வெளியேறினர் என்பதையும் சொல்லவேண்டும். குருமாரின் அச்சத்துக்குச் சில வேளைகளில் காரணம் இருந்தது. ஆனால் கூடி வாசித்த எல்லாரையும் சட்டம் ஒரே தட்டில் வைத்து நிறுத்தது.

5. நார்வேயில் ஏர் உழுத இளைஞர்

டென்மார்க்கும் நார்வேயும் அந்நாளில் ஒரே முடியின்கீழ் இருந்தன. ஆறாம் கிறிஸ்தியான் அரசர் தாமே பக்தியெழுச்சியின் ஆதரவாளர். அவருடைய ஆட்சியில் 1736ஆம் ஆண்டில் திடப்படுத்தல் எல்லாருக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 1737ஆம் ஆண்டில் எரிக் பொன்டொப்பிடான், 759 வினாவிடைகளில் சிறிய ஞானோபதேசத்தின் விளக்கத்தை எழுதினார். 1739ஆம் ஆண்டில் கிராமப்புறப் பள்ளிகளுக்கான ஆணை பிறந்தது. மக்கள் வாசிக்கக் கற்பதற்கான ஏற்பாடு இவ்வாறு செவ்வனே செய்யப்பட்டது. அதே அரசர் 1741ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாளில், தனிக்கூட்டங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தையும் பிறப்பித்தார். குடும்ப வழிபாட்டுக்குத் தடையில்லை. பிற கூட்டங்கள் சபைக்குருவின் அறிவோடும் மேற்பார்வையோடுமே நடைபெறவேண்டும். பொதுமக்களுள் எவரும் ஊர் ஊராகச் சென்று போதிக்கலாகாது.

ஹான்ஸ் நீல்சென் ஹௌகே 1771ஆம் ஆண்டில் நார்வே நாட்டு உழவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஞானோபதேசமும் பக்திநூல்களும் வாசிக்கப்பட்ட வீடு அது. 1796ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், தந்தையின் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவர் ஆழ்ந்த ஆவிக்குரிய அனுபவத்தைப் பெற்றார். அதன்பின் நாடெங்கும் பெரும்பாலும் கால்நடையாகச் சென்று, வீடுகளில் மக்களைக் கூட்டிப் பேசினார். நூல்களை எழுதிப் பரப்பினார். அவருடைய இயக்கத்தில் பெண்களும் பேசினர். 1804ஆம் ஆண்டில் கைது செய்யப்பட்ட அவருடைய சிறைவாசமும் வழக்கும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீடித்தன. நடுவே 1809ஆம் ஆண்டில், போரினால் நாட்டில் உப்புப் பஞ்சம் நேர்ந்தபோது, உப்பளங்கள் அமைக்கும் திறமை அவருக்கு உண்டெனக் கண்டு அரசே அவரைத் தற்காலிகமாக விடுவித்தது. வேலை முடிந்ததும் மீண்டும் சிறைக்கு அனுப்பியது. 1814ஆம் ஆண்டுத் தீர்ப்பு அபராதத்தோடு முடிந்தது. உடல்நலம் குன்றிய அவர் 1824ஆம் ஆண்டில் மறைந்தார்.

இத்தனைக்கும் பின்னர், தம்மைச் சேர்ந்தோர் திருச்சபையை விட்டு விலகலாகாது, அதன் குருமாரிடமே திருவருட்சாதனங்களைப் பெறவேண்டும் என்பதே ஹௌகே விட்டுச்சென்ற அறிவுரை. அவரைச் சிறையிலிட்ட சட்டம் 1842ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. திருச்சபை அவரை நம்பியதைவிட அவர் திருச்சபையை அதிகமாக நம்பினார் என்றே சொல்லவேண்டும்.

6. தரங்கம்பாடியின் சாட்சி

இதே டென்மார்க்கு முடியின்கீழ், ஆறாம் கிறிஸ்தியானின் தந்தையாகிய நான்காம் பிரடெரிக் அரசரின் ஆதரவோடுதான் பர்த்தலோமேயு சீகன்பால்கும் என்ரிக் புளூட்சோவும் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். இவர்களை உருவாக்கிய ஹாலே நகரம், ஸ்பேனரின் நண்பராகிய பிராங்கேயின் பணித்தளம். சீகன்பால்க் இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். அவருடைய தாயார் மரணப் படுக்கையில் பிள்ளைகளை அழைத்து, தாம் விட்டுச்செல்லும் செல்வம் திருமறைக்குள் இருக்கிறது என்றும், அதன் பக்கங்களைத் தம் கண்ணீரால் நனைத்திருப்பதாகவும் கூறிய செய்தி நம் சபைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. தமிழ் லுத்தரன் சபையின் தொடக்கத்தை வினவுவோர், ஒரு தாயின் இல்ல வழிபாட்டையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

சீகன்பால்க் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். 1715ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறியது. ஆயினும் அயல்நாட்டு மிஷனெரிகள் சிலரால் தஞ்சைச் சீமையின் ஊர்களையெல்லாம் சுற்றிவர இயலவில்லை. உபதேசிமாரே வீடு வீடாகச் சென்று கற்பித்தனர், நோயாளிகளைச் சந்தித்தனர். அவர்களுள் ஒருவராகிய ஆரோன் 1733ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். பொதுமக்கள் ஊர் ஊராகச் சென்று போதிப்பதை 1741ஆம் ஆண்டில் தன் தாய்நாட்டில் தடைசெய்த அதே முடியின் ஆதரவில் நடந்த மிஷன், இங்கே குருப்பட்டம் பெறாத உபதேசிமாரின் கால்களாலேயே நடந்தது.

இன்னொரு சான்றும் உண்டு. கிறிஸ்தியான் பிரடெரிக் ஸ்வார்ட்ஸ் 1778ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். குடியிருக்கும் குருவானவர் இல்லாத அவ்வூரில், ஒரு விதவைப் பெண்ணின் முயற்சியைச் சுற்றியே ஒரு சபை உருவாயிற்று. 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் காணப்படுகின்றன. அவர் முயற்சியால் எழுந்த கோவிலை 1785ஆம் ஆண்டில் ஸ்வார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். ‘வீட்டுத் தலைவர்’ என்னும் சொல்லை ஆண்மக்களுக்கு மட்டுமே உரியதாகக் கொள்வோர் இவ்வரலாற்றையும், தீமோத்தேயுவின் பாட்டியாகிய லோவிசாளையும் தாயாகிய ஐனிக்கேயாளையும் பவுல் நினைவுகூர்வதையும் (2 தீமோ. 1:5) ஒருசேரச் சிந்திக்கவேண்டும்.

7. நமக்குரிய படிப்பினைகள்

இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன.

முதலாவது, சபை பாடுபட்டுக் கற்பித்த இடங்களிலேயே இல்ல வழிபாடு வேரூன்றியது. லுத்தர் மக்களைக் கண்டித்ததோடு நில்லாமல், சுவரில் தொங்கவிடத் தாளையும் கையில் பிடிக்க நூலையும் கொடுத்தார். நாம் குடும்ப ஜெபம் செய்யுங்கள் என்கிறோம். எப்படிச் செய்வது என்பதை உட்கார்ந்து செய்துகாட்டுகிறோமா? திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேசத்தின் ஐந்து முக்கியப் பகுதிகளை மனப்பாடம் செய்விக்கும் நாம், அதே நூலிலுள்ள காலை மாலை ஜெபங்களைப் பிள்ளைகளின் பழக்கமாக்குகிறோமா? இவ்வொழுங்கை முடிக்க ஐந்து நிமிடம் போதும். முக்கால் மணி நேர ஜெபத்தை இலட்சியமாகக் காட்டி, ஐந்து நிமிட ஜெபத்துக்கும் வழியில்லாமல் செய்துவிடலாகாது.

இரண்டாவது, விசாரணை கற்பித்தலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது வீட்டார் அஞ்சுவர். ‘ஐயர் வருகிறார்’ என்றவுடன் வீட்டார் தேடுவது சந்தாப் புத்தகத்தையா, திருமறையையா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நலம். சந்தா பாக்கியையும், கோவிலுக்கு வராத ஞாயிறுகளையும் கணக்கிட்டபின் செய்யும் அவசர ஜெபம், சுவீடன் நாட்டுப் பதிவேட்டின் ஒரு பக்கமே. முப்பது ஆண்டுகளாகச் சபைகளைச் சந்தித்துவரும் நானும் இதற்கு விலக்கானவனல்லேன். வீட்டாரில் ஒருவரை ஜெபிக்கச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து கேட்ட நாட்களைவிட, நானே ஜெபித்து முடித்துவிட்டு எழுந்த நாட்களே மிகுதி.

மூன்றாவது, வீட்டில் கூடும் மக்களை ஐயுறுவதால் ஒற்றுமை காக்கப்படுவதில்லை. வாரந்தோறும் வீடுகளில் நடக்கும் ஜெபக்கூட்டங்களிலிருந்து வேறு சபைகளுக்குச் சிலர் சென்றுவிடுகின்றனர் என்பது மெய். அதற்காகக் கூட்டங்களை மட்டுப்படுத்துவோர் 1726ஆம் ஆண்டையும் 1741ஆம் ஆண்டையும் நினைவிற்கொள்ளவேண்டும். அச்சட்டங்கள் நூறாண்டுக்கு மேல் நின்றும் பிரிவினையைத் தடுக்கவில்லை. மறுபுறம், கூட்டம் நடத்தும் விசுவாசிகள் ஹௌகேயை நினைவிற்கொள்ளவேண்டும். தம்மைச் சிறையிட்ட திருச்சபையின் திருவிருந்துப் பந்தியை விட்டு அவர் எழுந்து போகவில்லை.

முடிவுரை

பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்பாரின் வீட்டிலே கூடிய சபையைப் பவுல் வாழ்த்துகிறார் (ரோமர் 16:3–5). அவ்வீடு கூடாரம் செய்யும் தொழிலாளரின் வீடு. கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்திய வீடு. வீட்டாரல்லாதோருக்கும் கதவு திறந்த வீடு. லுத்தர் 1526ஆம் ஆண்டில் மனத்தில் கண்டு, தக்க மக்கள் கிடைக்கவில்லை என்று தொடங்காமல் விட்டதும் இத்தகைய வீட்டையே. தக்க மக்கள் கிடைக்கட்டும் என்று நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. நம் சபைகளில் மாலை நேரத்தில் பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கும் பாட்டிமார் இன்றும் உள்ளனர். அவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் செய்வதைக் கண்டு, அதற்கு வேண்டியதைக் கொடுத்துத் துணைநிற்பது குருத்துவ ஊழியத்தின் புறப்பணி அன்று. அதன் நடுப்பகுதியே ஆகும். வருகிற வாரம் வீடு சந்திக்கப் புறப்படும்போது, பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சிறிய ஞானோபதேசத்தை மட்டும் கையில் எடுத்துச் செல்வோமாக.